நம்ம மாவட்டத்துக் கோட்டை எங்கே போச்சு?

பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். மராட்டியர் ஆண்ட 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்ததில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்றுதான் நம் செஞ்சி. அதிலிருந்து நம் குழுவில் பலரும் குடும்பத்தோடு செஞ்சிக்குப் போய், ராஜகிரி உச்சியில் நின்று எடுத்த போட்டோக்களை எனக்கு அனுப்புகிறீர்கள். ஐந்தாம் வகுப்பில் மாடிப்படி ஏறவே அழுத பிள்ளைகள் எல்லாம் மலை ஏறியிருக்கிறீர்கள்! பார்க்கப் பார்க்க சந்தோஷம்.

கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. "டீச்சர், நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல கோட்டை எதுவும் இல்லையா?"

இருந்தது. செஞ்சி மாதிரி மலைக்கோட்டை இல்லை, தண்ணீரோரக் கோட்டை. சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்புவதற்கு முன்பே கட்டியது. ஊர் பழவேற்காடு. கோட்டையின் பெயர் கெல்டிரியா. போன தை மாதம் அதைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துவிட்டு வந்தேன் என்கிறேனே தவிர, அங்கே நிமிர்ந்து பார்க்க ஒரு சுவர்கூடக் கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

விஜயநகரப் பேரரசு தலைக்கோட்டைப் போரில் அடிவாங்கிய பிறகு, அந்த அரச வம்சம் தெற்கே நகர்ந்து கடைசியில் சந்திரகிரியில் தங்கியது. திருப்பதி போகிறவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். அங்கிருந்து ஆண்ட வேங்கடபதி ராயர் காலத்தில், பழவேற்காடு துறைமுகம் அவருடைய அரசியரில் ஒருவரின் பொறுப்பில் இருந்தது. 1610இல் டச்சுக்காரர்கள் அனுமதி வாங்கி அங்கே ஒரு பண்டகசாலை போட்டார்கள். மயிலாப்பூர் சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1612இல் வந்து அடித்து நொறுக்கினார்கள். இனி வெறும் கிடங்கு போதாது என்று 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். அவர்களுடைய தலைவரின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அந்தப் பெயரைத்தான் கோட்டைக்கு வைத்தார்கள்.

அவர்களுக்கு இங்கே என்ன வேலை? துணி, பிள்ளைகளே, துணி! கிராம்பும் ஜாதிக்காயும் விளைகிற இந்தோனேசியத் தீவுகளில் வெள்ளிக்காசைவிட நம் பக்கத்துத் துணிக்குத்தான் மதிப்பு. சாயவேரில் சிவப்பேற்றிய பருத்தித் துணியைக் கொடுத்தால் வாசனைச் சரக்கு கிடைக்கும். அதனால் நம் கரையில் துணி வாங்கி, அங்கே கொடுத்து, ஜாதிக்காயை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். மலேசியாவில் இருக்கும் நம் உறவுகள் இன்றும் கட்டுகிற 'கைன் பெலிக்கட்' கைலி இருக்கிறதே, அந்தப் பெலிக்கட் என்பது வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான். வெள்ளைக்காரன் வாயில் புலிக்காட் ஆன ஊர், மலாய்க்காரர் வாயில் பெலிக்கட் ஆகிவிட்டது.

கோட்டைக்குள் காசு அடித்தார்கள். வெடிமருந்தும் செய்து கப்பலில் அனுப்பினார்கள். 1690 வரைக்கும் சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது. அப்புறம் ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். அப்படிப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1800களின் தொடக்கத்தில், கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் லண்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி பழவேற்காடு முழுசாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூர் ஆங்கிலேயருக்கே என்று டச்சுக்காரர்கள் ஒத்துக்கொண்டதும் அதே ஒப்பந்தத்தில்தான். ஒரே காகிதத்தில் இரண்டு ஊர். ஒன்று எங்கே போயிற்று, இன்னொன்று எங்கே நிற்கிறது பாருங்கள்.

பாடம் முடிந்தது. இப்போது பயணம்.

சொந்தமாக வேன் ஓட்டும் நம் பழைய மாணவர் ஒருவர், "டீச்சர், டீசல் காசு பேசாதீங்க, வாங்க" என்று அழைத்துப் போனார். கூட என் பெரிய மகன், மருமகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பெரியபாளையம், தச்சூர் கூட்டு ரோடு வழியாகப் பொன்னேரி. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு இன்னும் 20 கிலோமீட்டர் போனால் ஏரி தெரிகிறது. காற்றில் உப்பும் கருவாடும் மணக்கும்.

கோட்டை இருந்த இடத்தைத் தேடிப் போனால் சீமைக்கருவேல முள்தான் வரவேற்கிறது. அகழி ஓடிய தடம் பள்ளமாகத் தெரிகிறது. மற்றபடி மேடும் புதரும். என் பேத்தி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆயா, கோட்டை எங்க?" என்றாள். "இதுதாம்மா" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! செஞ்சி போட்டோ எல்லாம் பார்த்து ஆசையாக வந்த குழந்தை.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அம்மா பனையோலையில் பெட்டி பின்னிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுப் பெண்கள் ஓலைப் பின்னலில் கெட்டிக்காரர்கள். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இல்லாத கோட்டையைப் பாக்க இவ்ளோ தூரம் வந்தீங்களாம்மா?" என்று கேட்டார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்ற காலாயிற்றே, சும்மா இருக்குமா? ஒரு குச்சியை எடுத்துத் திண்ணைக்குக் கீழே மண்ணில் ஒரு சதுரம் போட்டேன். நான்கு மூலையிலும் நான்கு கொத்தளம். சுற்றி அகழி. இங்கே பீரங்கி, இங்கே துணிக் கிடங்கு, இந்தப் பக்கம் ஏரியில் படகு, அதற்கும் அப்பால் கடலில் கப்பல் என்று சொல்லிக்கொண்டு போனேன். பேத்தி குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். மகனும் வேன் ஓட்டிவந்த மாணவரும் பின்னால் கை கட்டி நின்றார்கள், பழைய பழக்கம்!

அப்புறம் டச்சுக் கல்லறைக்குப் போனோம். அது நன்றாகவே இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், சுற்றுச்சுவரோடு, பூட்டோடு இருக்கிறது. வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு. உள்ளே கூர்ங்கோபுரம் மாதிரி சில, மண்டபம் மாதிரி சில, தரையோடு படுத்த கல் பலகைகள் நிறைய. பலகைகளில் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு தெளிவாக வெட்டியிருக்கிறார்கள். 1600களில் செத்தவரின் பெயரை இன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

கோட்டை போய்விட்டது, கல்லறை இருக்கிறது. ஏன்? என் பேத்தி கேட்ட கேள்விதான் இது. வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு கோட்டை நிற்பதும் போவதும் கட்டியவர் கையில் இல்லை. பின்னால் வருகிறவருக்கு அது எதற்குத் தேவைப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. வேலூர் கோட்டையைப் பாருங்கள். நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், ஆங்கிலேயர் என்று எத்தனை கை மாறியது! ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. திப்பு சுல்தானின் குடும்பத்தை வைக்க இடம், கண்டியின் கடைசி ராஜாவைச் சிறை வைக்க இடம், படைக்குக் குடியிருப்பு, பிறகு அலுவலகங்கள், அருங்காட்சியகம். அதனால் அகழியில் தண்ணீரோடு இன்றும் நிற்கிறது. உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நீண்ட காலம் மூலவர் இல்லாமல் வெறும் கட்டடமாகக் கிடந்தது. 1981இல் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைத்தபின் இப்போது கூட்டம் தாங்கவில்லை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சட்டமன்றமே நடக்கிறது. யார் இடிப்பார்கள்?

செஞ்சியின் கதை வேறு. ஆங்கிலேயர் 1761இல் பிடித்தபின் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் அது பாறைமேல் பாறையாக நிற்கும் கோட்டை. இடிக்கிற கூலி, இடித்து எடுக்கிற கல்லின் விலையைவிட அதிகமாகியிருக்கும். அப்படியும் அங்கிருந்து கற்றூண்கள் புதுச்சேரிக்குப் போயின. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்களை அடுத்த முறை கவனியுங்கள், அவை செஞ்சித் தூண்கள்.

பழவேற்காட்டுக்கு இந்த இரண்டு அதிர்ஷ்டமும் இல்லை. பக்கத்திலேயே சென்னையில் பெரிய கோட்டை இருக்க, ஆங்கிலேயருக்கு இது தேவையில்லை. விட்டுவைத்தால் எதிரி வந்து உட்காருவான். அதே எண்ணத்தில்தான் 1761இல் புதுச்சேரிக் கோட்டையையும் தரைமட்டமாக்கினார்கள். கல்லறையால் யாருக்கும் ஆபத்தில்லை, அதனால் அது தப்பித்தது.

இந்த இடத்தில் ஜப்பானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர், பயிற்சிக்காகக் கியூஷூ தீவுக்குப் போயிருந்தார். லீவு நாளில் குமாமோட்டோ கோட்டையைப் பார்த்துவிட்டு எனக்கு வீடியோ எடுத்து அனுப்பினார். அந்தக் கோட்டை 1607இல் முடிந்தது. நம் கெல்டிரியாவுக்கு ஆறு வருஷம் மூத்தது, அவ்வளவுதான். 2016 ஏப்ரலில் வந்த நிலநடுக்கத்தில் அதன் கல்சுவர்கள் சரிந்து விழுந்தன. விழுந்த கற்களை அவர்கள் அள்ளிக் கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, வெட்டவெளியில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய போட்டோக்களைப் பார்த்து, எந்தக் கல் எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திருப்பி வைப்பதற்காக! நடுக்கோபுரத்தை 2021இல் திறந்துவிட்டார்கள். மொத்த வேலையும் முடிய 2052 வரை ஆகும் என்று திட்டம். நான் இருக்கமாட்டேன், நீங்கள் போய்ப் பாருங்கள்.

ஜப்பான்காரர்கள் பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 1873இல் அவர்களுடைய அரசாங்கமே, இனி கோட்டைகள் வேண்டாம் என்று உத்தரவு போட்டது. ஏராளமான கோட்டைகளை இடித்தார்கள், விற்றார்கள். எஞ்சியதில் நகோயா மாதிரி சில, இரண்டாம் உலகப் போர்க் குண்டில் எரிந்தன. பழைய நடுக்கோபுரம் அப்படியே நிற்கும் கோட்டைகள் இன்று அந்த நாட்டிலேயே 12தான். ஹிமெஜி கோட்டைகூட சிதிலமாகிக்கொண்டிருந்தபோது, நகமுரா என்ற ராணுவ அதிகாரி 1878இல் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதால் பழுது பார்த்தார்கள். ஒருவர் எழுதிய ஒரு மனு! இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

இன்னொன்று கேளுங்கள். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனி, 1609இல் ஜப்பானில் ஹிராடோ என்ற ஊரிலும் கடை போட்டது. அங்கே 1639இல் பெரிய கல் கிடங்கு ஒன்று கட்டி, கட்டிய வருஷத்தைக் கிறிஸ்து ஆண்டில் முகப்பில் பொறித்தார்கள். கிறிஸ்தவத்தைத் தடை செய்திருந்த ஜப்பான் அரசு அதையே காரணம் காட்டி அடுத்த வருஷமே இடிக்கச் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட 370 வருஷம் கழித்து, 2011இல், ஹிராடோவில் அந்தக் கிடங்கை அதே இடத்தில் மறுபடி கட்டி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நம் கரையிலிருந்து அங்கே போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் 'சான்டோமே' என்று பெயர். நம் சாந்தோம்தான்!

அப்படியென்றால் பழவேற்காட்டிலும் கோட்டையைத் திருப்பிக் கட்டலாமா? எனக்கு அந்த ஆசை இல்லை. காரணம் சொல்கிறேன்.

அந்தக் கோட்டையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. மனிதர்களையும் ஏற்றி அனுப்பினார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, சோற்றுக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றார்கள். இடைத்தரகர்கள் பிடித்துக் கொண்டுவந்தும் விற்றார்கள். 1622, 1623 இரண்டு வருஷத்தில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறக்குறைய 1,900 பேரை டச்சுக்காரர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கும், பின்னாளில் இலங்கைக்கும் இப்படிப் போனவர்கள் பல ஆயிரம்.

இதைப் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. கல்லறையைப் பார்த்துவிட்டு, திண்ணையில் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலை எடுக்க அந்த அம்மா வீட்டுக்குத் திரும்பினோம். அப்போது பேத்தி, "அந்தக் கல்லறையில நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லியா ஆயா?" என்று கேட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நான் எப்படி டீச்சர்? சொன்னேன். பஞ்சத்தையும் கப்பலையும் சொன்னேன்.

ஓலை பின்னிய கை நின்றது. "எங்க ஊர்லயா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெள்ளக்காரன் பேரெல்லாம் கல்லுல இருக்கு. இவங்களுக்கு ஒரு பேருகூட இல்லையா?" என்றார். கம்பெனிக் கணக்கில் இத்தனை உருப்படி என்று எண்ணிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை அதற்குமேல் என்னால் நீட்ட முடியவில்லை.

குமாமோட்டோவில் விழுந்த கல்லுக்கு எண் போடுகிறார்கள், அது வீடு திரும்புவதற்காக. இங்கே மனிதர்களுக்கு எண் போட்டார்கள், அவர்கள் திரும்பவே இல்லை.

அதனால் பிள்ளைகளே, எனக்குக் கோட்டைச் சுவர் திரும்ப வேண்டாம். ஆனால் அந்த மேட்டை முள் மூடிக் கிடக்க விடவும் மனசு வரவில்லை. முள்ளை அகற்றி, அகழியின் தடம் தெரியும்படி வைத்து, தமிழில் ஒரு பலகை நட்டால் போதும். கோட்டை எப்போது எழுந்தது, ஏன் விழுந்தது, இங்கிருந்து என்னென்ன போயிற்று, யார் யார் போனார்கள் என்று அதில் எழுத வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமலும் செய்ய வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது என்று மத்தியச் சட்டம் இருக்கிறது. பழசைக் காப்பாற்ற அது தேவைதான். ஆனால் சின்ன ஊரில், சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு 100 மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று நமக்குத் தெரியும். எதைச் செய்தாலும் அவர்களையும் உட்கார வைத்துப் பேசிச் செய்ய வேண்டும்.

உங்களில் சிலர் அரசு வேலையில் இருக்கிறீர்கள். சிலர் ஆசிரியர்கள். சிலர் கும்மிடிப்பூண்டி, ஒரகடம் கம்பெனிகளில் நல்ல பொறுப்பில் இருக்கிறீர்கள். ஹிமெஜிக்கு ஒரு நகமுரா மனு எழுதினாரே, நாமும் எழுதலாம். பலகைக்கான மனு ஒன்றை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், எழுத்துப்பிழை பார்க்கவும் ஆள் தேவை!

மனு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் போய்ப் பாருங்கள். ரயிலில் போகிறவர்கள் பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறி, பொன்னேரியில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பனிக்காலத்தில் போனால் ஏரியில் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம், சின்னப் பிள்ளைகள் குதூகலிப்பார்கள். கல்லறை பூட்டியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள், சுவர் ஏறிக் குதிக்காதீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று 1998 பேட்ச் பையன்களுக்குத் தெரியும். வரும்போது ஓலைப்பெட்டி ஒன்றாவது வாங்குங்கள், பேரம் பேசாமல்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், உங்கள் ஊரில் இடிந்துபோன ஒரு மதிலோ, தூர்ந்துபோன குளமோ, பெயர் மட்டும் மிஞ்சிய கோட்டைமேடோ இருக்கிறதா என்று கேளுங்கள். அது யாருக்குத் தேவைப்பட்டது, யாருக்குத் தேவையில்லாமல் போயிற்று என்றும் கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன், சிவப்பு மை மட்டும் கிடையாது.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்க வளமுடன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மணவாள நகர்